கண்ணாடிப் பம்பு

கோயமுத்தூர் கணபதியில் பாலுசாமியின் பவுண்டரிக்குள் நுழைந்தால் வலதுகைப் பக்கம் மூன்றாவது மணல்மேடு கந்தப்பனுடையது. இருபத்திரண்டு வருடமாக அவர் அந்த மேட்டின் முன்னால்தான் குந்தியிருந்தார். பம்புகளின் இரும்பு உடம்பை வார்ப்பதற்கு மணலில் அச்சு இறுக்குவது அவர் வேலை. மோல்டர் என்பார்கள். வெளி உருவத்துக்கு ஓர் அச்சு. உள்ளே தண்ணீர் சுழல வேண்டிய வெற்றிடத்துக்கு, நத்தைபோலச் சுருண்ட ஒரு மணல் உருண்டை. அதற்குப் பெயர் கோர். கோரை அச்சுக்குள் வைத்து மூடி, உருகிய இரும்பை ஊற்றி, ஆறியபின் தட்டினால் மணலெல்லாம் கொட்டிப் போகும். கோர் இருந்த இடம் இருட்டுப் பள்ளமாக, பம்பின் வயிறாக மிஞ்சும்.

பெருந்துறைக்குத் தெற்கே மானாவாரிக் காடுகளுக்கு நடுவே பிறந்தவர் கந்தப்பன். அப்பா பண்ணையத்து ஆள். கிணற்றுமேட்டில் எருதுகளை முன்னும் பின்னும் ஓட்டிச் சால் இறைத்தே அவர் காலம் போனது. கரண்டு வந்து கிணற்றுக்குள் பம்பு இறங்கிய வருடம், சால் இறைக்க ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. மகன் வேலை தேடிக் கோயமுத்தூர் வந்து, அதே பம்பைச் செய்கிற இடத்திலேயே சேர்ந்துகொண்டார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. வேலை கைக்கு நன்றாக வந்தது, அவ்வளவுதான். கந்தப்பன் இறுக்கிய அச்சில் ஊற்றினால் இரும்பில் ஓட்டை விழாது என்று பெயர் எடுத்திருந்தார். மனைவி பழனாத்தாள் பக்கத்து மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கப் போனாள். ஒரே மகளை அந்தியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், ஜீன்ஸும் கதர்ச் சட்டையுமாக ஒரு பெண் பவுண்டரிக்கு வந்தாள். பெயர் கரோலின். நகரத்துப் பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவரின் மகள். அகமதாபாத்தில் டிசைன் படித்துவிட்டு, இரண்டு வருடம் வெளிநாட்டில் கண்ணாடி ஊதக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தாள். பவுண்டரியின் பின்னால், ஒரு காலத்தில் பித்தளை உருக்கிய கொட்டகை சும்மா கிடந்தது. அதை வாடகைக்குக் கேட்டாள்.

பாலுசாமிக்குச் சிரிப்பு வந்தது. "அம்மிணி, இது இரும்பு உருக்குற எடமுங்க. வடக்க கண்ணாடி வளையல் செய்யறதுக்குன்னே ஊர் இருக்குதுன்னு சொல்லுவாங்க. அங்க போகாம இங்க எதுக்குங்க?"

"அங்க ஊதத் தெரிஞ்சவங்க இருக்காங்க. இங்கதான் அடுப்பு தெரிஞ்சவங்க, மணல் தெரிஞ்சவங்க, மோட்டார் தெரிஞ்சவங்க எல்லாம் ஒரே தெருவுல இருக்காங்க. எனக்கு இவங்கதாங்க வேணும்."

அந்தப் பதில் பாலுசாமிக்குப் பிடித்துப்போயிற்று. கொட்டகையைக் கொடுத்ததோடு, அடுப்புக் கட்ட கந்தப்பனையும் இரும்பு உருக்கும் குப்போலா உலைக்காரர் நஞ்சப்பனையும் சாயங்கால வேளைகளில் அனுப்பிவைத்தார்.

முதல் ஐந்து மாதம் எதுவும் சரியாக வரவில்லை. பித்தளை உருக்கிய பழைய கறுப்புக் கலமான மூசையிலேயே கண்ணாடியை உருக்கிப் பார்த்தார்கள். அது வெல்லப்பாகு நிறத்துக்குப் போய், நுரைத்து வழிந்தது. கரோலின் வெளியூருக்கு எழுதிப் போட்டு வெள்ளை மூசை ஒன்றை வரவழைத்தாள். பிறகு, கிடைத்த உடைசல் கண்ணாடியையெல்லாம் கலந்து போட்டார்கள். உருகியது, ஆனால் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டாத மாமன் மச்சான்போல இழுத்துக்கொண்டு கீறல் விட்டது. கடைசியில் ஆஸ்பத்திரிகளில் வீணாகிற குளுக்கோஸ் பாட்டில்களை, ஒரே வகையாகப் பார்த்து மூட்டை மூட்டையாகச் சேர்த்தார்கள். லேபிளை ஊறவைத்து உரித்து, கழுவி, நொறுக்கிப் போட்டார்கள். தை பிறந்து இரண்டாவது வாரம், நஞ்சப்பன் அடுப்பின் கதவை இழுத்தபோது, மூசைக்குள் நுரையில்லாமல், கலங்கலில்லாமல், தேன் போல ஒரு வெளிச்சம் தேங்கி நின்றது.

கந்தப்பன் அதுவரை உருகியதை ஊற்றித்தான் பார்த்திருக்கிறார். கரோலின் ஊற்றவில்லை. நீளமான இரும்புக் குழாய் ஒன்றின் நுனியை மூசைக்குள் விட்டு, பஞ்சு மிட்டாய்க்காரன் குச்சியைச் சுழற்றுவதுபோலச் சுழற்றினாள். நுனியில் வெளிச்சம் உருண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே எடுத்தபின்னும் சுழற்றுவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கீழே ஒழுகிவிடும் என்றாள். குழாயின் மறுமுனையில் வாயை வைத்து, ஒரு சின்ன மூச்சு விட்டாள். உடனே வாயை எடுத்து, பெருவிரலால் துளையை மூடிக்கொண்டாள்.

"இப்பப் பாருங்கண்ணா."

கந்தப்பன் பார்த்தார். யாரும் ஊதவில்லை. ஆனால் உருண்டைக்குள், ஊசிமுனை அளவில் ஒரு குமிழ் பிறந்தது. மொச்சைக்கொட்டை அளவானது. நெல்லிக்காய் அளவானது. அடைபட்ட மூச்சு அந்தச் சூட்டில் தானாக விரிந்து, தனக்கு ஓர் இடம் செய்துகொண்டிருந்தது.

கந்தப்பன் குழாயின் நுனிக்குக் கிட்டே குனிந்தார். ஒரு வெற்றிடம் உண்டாக்க அவர் எவ்வளவு பாடுபடுவார்! மணலைச் சலித்து, எண்ணெய் பிசைந்து, மரப்பெட்டியில் இடித்து, சுட்டு, ஒரு தூசி பிசகாமல் அச்சுக்குள் இறக்கி, இரும்பு ஊற்றி, மறுநாள் உடைத்து எடுத்தால்தான் அவருக்கு ஒரு பள்ளம் கிடைக்கும். இங்கே ஒரு மூச்சு, அவ்வளவுதான். அதுவும் கண்ணெதிரே. இரும்பு ஊற்றும்போது எவ்வளவு பளபளத்தாலும் ஆறினால் கறுத்து, முகத்தை மூடிக்கொள்ளும். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் காட்டாது. இது ஆற ஆற இன்னும் தெளிந்துகொண்டே போனது.

"அம்மிணி, எனக்கு ஒருக்காக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். கேட்டபின்தான் வெட்கமாக இருந்தது.

குழாயை அவர் கையில் கொடுத்தாள். உலைக்குத் துருத்திபோல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அவர் ஊதினார். கண்ணாடி பலூன்போல வீங்கி வெடித்து, ஈ இறக்கையைவிட மெல்லிய சவ்வாகக் கொட்டகை முழுக்கப் பறந்தது. நஞ்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு துண்டு கந்தப்பன் புறங்கையில் வந்து உட்கார்ந்தது. கனமே தெரியவில்லை. அதில் வானவில் ஓடியது.

"ஊதாதீங்கண்ணா," என்றாள் கரோலின். "மூச்ச உள்ள வெச்சாப் போதும்."

அன்று வீட்டுக்குப் போய் பழனாத்தாளிடம் சொல்லத் தொடங்கினார். கையால் சைகை காட்டினார், கன்னத்தை உப்பிக் காட்டினார்.

"என்னுங்க இது, சோத்தப் போட்டுவெச்சு அரமணி நேரமாச்சு," என்றாள் அவள். "கண்ணாடி ஊதறத ஊரே பாத்திருக்குமுங்க. அதுக்கு இப்படியா?"

"ஊரு பாத்திருக்கும் புள்ள. நான் இன்னைக்குத்தான பாத்தேன்."

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்ததும் கால் தானாகப் பின்புறக் கொட்டகைக்குப் போனது. கரோலின் செய்தவற்றுக்குப் பெயர் கிடையாது. குவளை என்றால் வாய் இருக்காது. தட்டு என்றால் நிமிர்ந்து நிற்கும். பவுண்டரி ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தப் போட்டு வெக்கறதுங்க?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் வெக்கவேண்டாங்க, பாத்தாப் போதும்," என்பாள். கந்தப்பனுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. ஒரு நாள் அவள் மணலில் ஓர் அச்சு இறுக்கித் தரச் சொன்னாள். அவர் இறுக்கிக் கொடுத்த பள்ளத்துக்குள் சூடான குமிழை இறக்கி ஊதினாள். எடுத்தபோது கண்ணாடியின் வெளித்தோல் முழுக்க மணல்மணியின் தழும்பு. ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை. அச்சைத் தட்டிச் சமன் செய்தபோது அவர் விட்ட ரேகை. இரும்பில் அப்படி எத்தனையோ விட்டிருப்பார். அரத்துக்கும் பெயின்டுக்கும் அடியில் எல்லாம் போய்விடும். இங்கே அதன்வழியாக வெளிச்சம் வந்தது. அவர் அதை ஜன்னலோரம் வைத்து, டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், கரோலின் நோட்டில் என்னவோ வரைந்துகொண்டிருந்தபோது, கந்தப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி. இதுல ஒரு பம்பு ஊத முடியுங்களா?"

அவள் நிமிர்ந்தாள். "பம்பா?"

"நத்தையாட்டம் சுருண்ட அந்த கேசிங் மட்டும் போதுமுங்க. மத்ததெல்லாம் இரும்புலயே இருக்கட்டும். இருபத்திரண்டு வருசமா அந்த வயித்த நாந்தான் செய்யறேன். அதுக்குள்ள தண்ணி எப்படிப் போகுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்லீங்க. நான் மட்டுமில்ல, மொதலாளியும் பாத்ததில்ல. ஆருமே பாத்ததில்லீங்க."

கரோலின் நோட்டில் அதுவரை வரைந்திருந்த பக்கத்தைக் கிழித்தாள். புதுப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, "கோரோட உருவத்த எனக்கு வரைஞ்சு காட்டுங்கண்ணா," என்றாள். அவருக்குப் பென்சில் பிடித்து வரைய வரவில்லை. உள்ளே போய் ஒரு கோரையே இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

விஷயம் பாலுசாமி காதுக்குப் போனது. "கண்ணாடில பம்பா? ஓட்டுனா முகத்துல வெடிக்குமப்பா," என்றார். ஆனால் மறுநாள் அவரே ஒரு அரைக் குதிரைச் சக்தி மோட்டாரையும் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் பித்தளை இம்பெல்லரையும் கொட்டகைக்குக் கொடுத்தனுப்பினார். எல்லாரையும்போல அவருக்கும் பார்க்க ஆசை.

இரண்டு பாதியாகத் திறந்து மூடும் இரும்பு அச்சு ஒன்றைக் கந்தப்பன் வார்த்தார். ஊதும்போது உள்ளே மாட்டும் காற்று வெளியேற முடி அளவில் துளைகள் போட்டார். கண்ணாடி ஒட்டாமலிருக்க உள்சுவரில் புகைக்கரி படியவைத்தார். முதலில் ஊதியது, தண்ணீர் வெளியேறும் கழுத்துப் பக்கம் போய்ச் சேராமல் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்தது அச்சைத் திறக்கும்போதே கழுத்தோடு பிய்ந்தது. சித்திரை வெயிலில், ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் தகரக் கூரையுமாக, சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு ஊதினார்கள்.

வைகாசியில் ஒன்று முழுசாக வந்தது. நத்தைச் சுருள், கழுத்து, எல்லாம் இருந்தன. செங்கல் பெட்டிக்குள் இரண்டு நாள் ஆறவைத்து எடுத்தார்கள். கந்தப்பன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். கரோலின் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிபோல மங்கலான இரண்டு தகடுகளை எடுத்து, நடுவில் கேசிங்கை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் அவரைப் பார்க்கச் சொன்னாள்.

தெளிந்த கண்ணாடி மயில்கழுத்தாகிவிட்டது. நீலமும் ஊதாவும் ஆரஞ்சும் சுருளின் ஒரு மூலையில் வந்து நெருங்கி, வரிவரியாக முறுக்கிக்கொண்டு நின்றன. அவ்வளவு அழகான எதையும் தான் பார்த்ததில்லை என்று கந்தப்பனுக்குத் தோன்றியது.

"அழகா இருக்குதுங்களே அம்மிணி!"

"கலர் நெருங்கி நிக்கற எடத்துல கண்ணாடி உள்ளுக்குள்ள இறுகிக் கெடக்குதுங்கண்ணா. வேகமா ஆறிருச்சு. இது நிக்காது."

கீறல்கூட இல்லாத பொருளைப் பார்த்து இப்படிச் சொல்கிறாளே என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், யாரும் தொடாமல், காற்றுகூட அடிக்காமல், பட்டாசு வெடித்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேசையில் சில்லுகள்தான் கிடந்தன. கந்தப்பனுக்கு உடைந்த வருத்தத்தைவிட, அந்தத் தகடுகள் உள்ளே இருந்ததை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. அன்று முழுக்க அவர் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

ஆறவைக்கும் பெட்டியைச் சரிசெய்யாமல் இனி ஊதக்கூடாது என்று கரோலின் நிறுத்திவிட்டாள். கந்தப்பன் பெட்டியைக் கலைத்து, பெரிய அடுப்பின் புகைச்சூடு உள்ளே சுற்றிவரும்படி இரட்டைச் சுவராகக் கட்டினார். இடைவெளியில் உமிச்சாம்பலை இறுக்கி அடைத்தார். சூட்டுமானி வைத்துப் பார்த்தபோது, அடுப்பை அணைத்தபின்னும் அது நான்கு நாள் மெல்ல மெல்ல இறங்கியது. கரோலின் அந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டு, "நான் படிச்ச எடத்துல இதுக்குன்னே தனி மெஷின் வெச்சிருந்தாங்க," என்றாள். கந்தப்பனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

புரட்டாசியில், மழை வருகிற மாதிரி வானம் மூடிய ஒரு சனிக்கிழமை காலை, மறுபடி ஊதினார்கள். கரோலின் குழாயை மூசையில் விட்டு மூன்று தடவை சுற்றி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் உருண்டை பருத்தது. கடைசியில் பூசணிப் பிஞ்சு அளவு. அந்தக் கனத்தைச் சுழற்றி நிலைநிறுத்த அவள் கை இரண்டும் வேண்டியிருந்தது. ஊதுவது, அதற்குள் மூச்சை வைக்கப் பழகியிருந்த கந்தப்பன். நஞ்சப்பன் அச்சின் இரண்டு பாதியையும் பிடித்து நின்றார்.

"எறக்கறேன்," என்றாள். அச்சு மூடியது.

கந்தப்பன் மூச்சை வைத்தார். அவருக்கு இப்போது உள்ளே இருப்பது தெரியும். கண்ணால் அல்ல, அச்சு மூடியிருந்தது. குழாய் வழியாக, உதட்டில் தெரிந்தது. குமிழ் முதலில் அகன்ற வயிற்றில் போய் இடித்தது. பிறகு சுருளின் வளைவில் வழுக்கிக்கொண்டு சுற்றிவந்தது. கழுத்துக்கு வரும் இடத்தில் தயங்கியது. மூச்சைக் கூட்டவேண்டும் என்று நெஞ்சு சொன்னது. அவர் கூட்டவில்லை. அதே மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. உதட்டில் இருந்த எதிர்ப்பு மெல்ல இளகி, கண்ணாடி கழுத்துக்குள் போய் முட்டி நின்றது. பெருவிரலால் மூடினார்.

"நெறஞ்சிருச்சுங்க," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

அச்சைத் திறந்தார்கள். இளஞ்சிவப்பாகத் கனலும் ஒரு நத்தை, உள்ளே ஒன்றுமில்லாமல், எல்லாப் பக்கமும் தெரிய, குழாயின் நுனியில் உட்கார்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் பெட்டியைப் பிரித்தார்கள். கரோலின் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். எங்கும் ஒரே சாம்பல் நிறம். ஒரு மயிலிறகுகூட இல்லை. "இது நிக்குமுங்கண்ணா," என்றாள். பின்னும் பத்து நாள், வெட் கிரைண்டர் மோட்டாரில் ஓர் இரும்பு வட்டை மாட்டி, உரசும் பொடியும் தண்ணீரும் விட்டு, பின்பக்கத்தையும் முன்வாயையும் தேய்த்துத் திறந்தார்கள். கண்ணாடியில் துளை போடாமல், இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே ரப்பர் வைத்து நீளமான போல்ட்டுகளால் பிடித்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பவுண்டரி முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். கழுவித் துடைத்த மெஷின்களை விட்டுவிட்டு எல்லா ஆட்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பாலுசாமி எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். தொட்டியில் குழாயை விட்டு, கேசிங்கில் தண்ணீர் நிரப்பி, ஸ்விட்சைப் போட்டார்.

உள்ளே வெள்ளையாக நுரை சீறியது. காற்றெல்லாம் நடுவில் திரண்டு ஒரு நூலாக முறுக்கிக்கொண்டது. நூல் அறுந்து மறைந்தது. அதோடு எல்லாமே மறைந்துவிட்டது. கண்ணாடியும் தெளிவு, தண்ணீரும் தெளிவு. இம்பெல்லர் மங்கலான ஒரு பொன்வட்டமாகத் தெரிய, சுருளுக்குள் ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. ஆனால் குழாயின் முனையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஓடுதுங்களா இல்லீங்களா?" என்றார் நஞ்சப்பன்.

கந்தப்பன் சுற்றிலும் பார்த்தார். பூஜைத் தட்டில் மஞ்சள்பொடி இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயருகே தொட்டியில் தூவினார்.

மஞ்சள் உள்ளே வந்தது. நடுக்கண்ணில் பொட்டாகத் தோன்றி, அதே நொடியில் பூவாக விரிந்து, நூறு இழையாகப் பிரிந்து சுவரை நோக்கிச் சாய்ந்து ஓடியது. சுவரைத் தொட்ட இழைகள் ஒன்றாகச் சேர்ந்து, அகன்று அகன்று வரும் சுருளில் வளைந்து, கழுத்தில் ஏறி, போய்விட்டன. ஒரு கண்ணிமைப்புதான். இன்னொரு சிட்டிகை. மறுபடி பூ, மறுபடி இழைகள். ஆட்கள் பத்தடியை மறந்து முன்னால் வந்துவிட்டார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

கந்தப்பன் மண்டியிட்டு, முகத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். இருபத்திரண்டு வருடமாக மணலில் அவர் வளைத்துக் கொடுத்த வளைவு அது. மரப்பெட்டி சொன்னபடி வளைத்தார், ஏன் என்று தெரியாது. இப்போது தண்ணீர் அந்த வளைவில் ஒரு இடத்திலும் இடிக்காமல், வழி தெரிந்த மாடுபோலத் திரும்பிப் போவதைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. பார்வை மங்கினால் இது தெரியாமல் போய்விடுமே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பாலுசாமி குனிந்து, "கந்தப்பா, அந்த நாக்குப் பக்கம் பாரப்பா," என்றார். சுருள் முடிந்து கழுத்து பிரியும் கூர்முனையை நாக்கு என்பார்கள். அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கிழிந்து, ஒரு துளி பின்னால் திரும்பி, பட்டாணி அளவில் தனியாகச் சுழன்றது.

"அங்க தண்ணி சண்ட போடுதுங்க," என்றார் கந்தப்பன்.

"முப்பது வருசமா அங்கதான் கரண்டத் தின்னுட்டு இருந்திருக்குது." பாலுசாமி அரைமணி நேரம் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதம் நாக்கைக் கொஞ்சம் பின்தள்ளி, முனையை மழுக்கி, கோர் பெட்டியை மாற்றிச் செய்யச் சொன்னார். புதுப் பம்பு அதே தண்ணீரைக் கொஞ்சம் குறைந்த கரண்டில் ஏற்றியது.

தை மாதம் நகரில் ஒரு தொழிற்காட்சி நடந்தது. பாலுசாமி அங்கே போட்ட தன் கடையின் முகப்பில் இரும்புப் பம்புகளைப் பின்னால் தள்ளி, கண்ணாடிப் பம்பை நடுவில் வைத்தார். மஞ்சள் தூவும் வேலை கந்தப்பனுக்கு. வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். நான்கு நாளும் அந்த இடத்தில் கூட்டம் கலையவில்லை. இன்ஜினியர்கள் வந்தார்கள், நோட்டில் வரைந்துகொண்டார்கள். கொடுமுடிப் பக்கத்து விவசாயி ஒருவர், "ஒருக்கா நிறுத்திப்போட்டு மறுக்காப் போடுங்க," என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை தண்ணீர் பிடித்துச் சுழல ஆரம்பித்ததும், கையெடுத்துக் கும்பிட்டார். பம்பையா, தண்ணீரையா, கந்தப்பனையா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழனாத்தாள் மில்லுப் பெண்களோடு வந்தாள். கூட்டத்தில் நுழைந்து, கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். கந்தப்பன் மனைவியைக் கண்டதும் ஒரு சிட்டிகை தூவினார். பூ விரிந்தது. அவள் கையை நீட்டி, கண்ணாடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே ஓடுவதன் அதிர்வு கையில் ஏறியது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "தெனமும் மேலெல்லாம் மண்ணா வந்து நிப்பீங்க. இதத்தான் செஞ்சுட்டிருந்தீங்களா?"

"இதேதான் புள்ள. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவள் கையை எடுக்கவில்லை. "இன்னொருக்காத் தூவுங்க," என்றாள்.

காட்சி முடிந்ததும் ஒரு பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்கள் அதைத் தங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் கண்ணாடி தாங்கும் என்று தெரியாமல், முறுக்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. கந்தப்பனை அழைத்தார்கள். அவர் போய், காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டு, ஒவ்வொரு போல்ட்டாகக் கால் திருப்பு, கால் திருப்பாக முறுக்கிவிட்டு வந்தார். வாத்தியார் ஒருவர் அவரிடம் ஏதோ சமன்பாட்டைக் காட்டி, தண்ணீர் இந்தக் கணக்குப்படிதான் போகிறது என்றார். கந்தப்பனுக்கு எழுத்து புரியவில்லை. ஆனால் அந்தச் சுருளையெல்லாம் ஒரு வரியில் எழுதிவிட முடியும் என்பதே அவருக்கு இன்னோர் அதிசயமாக இருந்தது. அதைத் தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாலுசாமி அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் கொட்டகைக்கு என்று ஒதுக்கிக் கொடுத்தார். மற்ற நாள் மணலும் இரும்பும். மாசி பிறந்த திங்கட்கிழமை கரோலின் புதிதாக ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். மூன்று குமிழ்கள், ஒன்றுக்குள் ஒன்று, எதுவும் எதையும் தொடாமல்.

கந்தப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னங்க அம்மிணி?"

"தெரியலீங்கண்ணா. ஊதுனாத்தான் தெரியும்."

நஞ்சப்பன் அடுப்பின் கதவை இழுத்தார். கந்தப்பன் குழாயை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் போனார்.